பொதுமனையில் ஓர் உதைபந்தாட்ட இரவு

‘தவறணை’ என்ற சொல்லை நம் வீடுகளிலே பெரியோர் உரத்த குரலிற் சொல்வதில்லை. ஊர் எல்லையிலே, பனங்கூடலுக்கு அப்பால் ஒதுங்கியிருந்த அந்தக் கொட்டிலைக் கடந்து பாடசாலைக்குச் செல்ல நேர்ந்தால், தலையைக் குனிந்துகொண்டு விரைந்து நடக்கவே சிறுவயதில் நாம் பழக்கப்பட்டோம். ஆகவே, 2018ஆம் ஆண்டு யூலை மாதம் 3ஆந் தேதி மாலை, இலண்டன் மாநகரின் புறநகர் ஒன்றிலே, எமது மருமகன் எம்மை நோக்கி, “மாமா, வாங்கோ, ‘பப்’பிலை போய் மட்ச் பார்ப்பம்” என்று அழைத்தபோது நாம் திகைத்தமை இயல்பேயாகும்.

எமது அக்கையாரின் மூத்த மகளுக்குத் திருமணம். அதற்கென விடுமுறை பெற்று நாம் அங்குச் சென்றிருந்தோம். உலகக் கிண்ணச் சுற்றுப்போட்டி ரூசியாவில் நடந்துகொண்டிருந்த காலம் அது. இங்கிலாந்து அணி அன்றிரவு கொலம்பியாவுடன் மொஸ்கோவில் மோதவிருந்தது. தோற்றவர் வீடு திரும்பவேண்டியதுதான். வென்றவர் காலிறுதிக்குச் செல்வர்.

வீட்டிலேயே பெரிய தொலைக்காட்சிப் பெட்டி இருக்கிறதே, அங்குப் போவானேன் என்று கேட்டோம். மது அருந்தாத நாம் அங்கே என்ன செய்வதென்றும் கேட்டோம்.

“அங்கை தேத்தண்ணியும் குடிக்கலாம் மாமா, தோடம்பழச் சாறும் குடிக்கலாம். தனிய இருந்து பார்த்தால் அது மட்ச். சனத்தோடை பார்த்தால் அது வேறை. ஒருக்கா வந்து பாருங்கோ” என்றான் மருமகன்.

குசினியிலே திருமணப் பலகாரத்துக்குப் பயறு வறுத்துக்கொண்டிருந்த அக்கையார் எட்டிப் பார்த்தார். “கூட்டிக்கொண்டு போ. ஆனால் வெண்டாலும் தோத்தாலும் முடிஞ்ச உடனை வீட்டை வந்திடவேணும்” என்றார்.

‘வெண்டாலும் தோத்தாலும்’ என்று அவர் அழுத்திச் சொன்னதன் பொருள் அன்று எமக்கு விளங்கவில்லை. எட்டு நாட்களின் பின்னரே விளங்கிற்று. அதனைப் பின்னர் சொல்வோம்.

பொதுமனை என்பது யாது?

‘பப்’ என்பது ‘பப்ளிக் ஹவுஸ்’ என்ற ஆங்கிலத் தொடரின் சுருக்கம். பொதுமக்களுக்குத் திறந்த வீடு என்பது அதன் பொருள். தமிழிற் சொல்வதாயின் ‘பொதுமனை’ எனலாம். மது விற்கும் இடம் அது என்பதில் ஐயமில்லை. ஆயினும் நம் நாட்டுத் தவறணையைப் போல ஒதுக்குப்புறத்தில் அது இருப்பதில்லை. தேவாலயத்துக்கு எதிரே, தபாற் கந்தோருக்கு அருகே, தெருச் சந்தியிலே, பூச்சாடிகள் தொங்கும் முகப்போடு நிற்கும். உள்ளே விரிப்புப் போட்ட தரை, மரக் கதிரைகள், சுவரிலே பழைய ஊர்ப் படங்கள். ஞாயிறு மதியம் குடும்பங்கள் பிள்ளைகளுடன் வந்து உணவருந்திச் செல்வதும் உண்டு. பதினெட்டு வயது நிரம்பாதோருக்கு மது விற்பது குற்றம். வெறி கொண்டவரென்று தெரிந்தும் ஒருவருக்கு மேலும் விற்பதும் குற்றம்.

இதற்கென எழுதப்படாத சட்டங்களும் உள. மேசைக்கு வந்து எவரும் பணிவிடை செய்யமாட்டார். நீண்ட மரப் பலகையின் முன் நாமே சென்று கேட்டு வாங்கி, அப்பொழுதே காசு கொடுத்துவிடவேண்டும். அங்கே வரிசை இல்லை. ஆயினும் யார் முன் வந்தார், யார் பின் வந்தார் என்பதை விற்பவரும் அறிவார், நிற்பவரும் அறிவார். கூட்டமாக வந்தோர் முறை வைத்து, ஒவ்வொருவராக எல்லோருக்கும் வாங்குவர். தன் முறை வந்தபோது ஒளித்துக்கொள்பவனை அவ்வூரார் மன்னிப்பதில்லை. எமது மருமகன் தன் தோழர் நால்வருக்கும் வாங்கியபோது, எமக்குத் தேநீரும் வாங்கி வந்தான். பியர் நிரம்பிய பெரிய குவளைகளின் நடுவே எமது தேநீர்க் கோப்பை நின்றது. அதனை எவரும் வியப்பாகப் பார்க்கவில்லை.

தவறணையிற் பிறந்த சங்கம்

உதைபந்தாட்டத்துக்கும் மதுச்சாலைக்கும் உள்ள உறவு தொலைக்காட்சியோடு வந்ததன்று என்பதை மாணவர்கள் அறிந்துகொள்ளல் நன்று. 1863ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 26ஆந் தேதி, இலண்டனிலே கிறேற் குயீன் வீதியில் இருந்த ‘ஃபிறீமேசன்ஸ் தவறணை’ என்னும் இடத்தில் சில கழகங்களின் பிரதிநிதிகள் கூடினர். அதுவரை ஒவ்வொரு பாடசாலையும் ஒவ்வொரு விதமாகப் பந்தடித்து வந்தது. ஓரிடத்திற் பந்தைக் கையிலெடுத்து ஓடலாம். மற்றோரிடத்தில் அது குற்றம். எதிரியின் முழங்காலுக்குக் கீழே உதைக்கலாம் என்று வாதிட்டோரும் இருந்தனர். அந்த ஒக்டோபர்க் கூட்டத்திலே உதைபந்தாட்டச் சங்கம் தோன்றியது. தொடர்ந்து நடந்த கூட்டங்களில், அவ்வாண்டு முடிவதற்குள்ளேயே, ஆட்டத்தின் விதிகள் வரையப்பட்டன. இன்று உலகெங்கும் ஆடப்படும் ஆட்டத்தின் விதிகள் அங்கிருந்தே வளர்ந்தவை. நாம் தலைகுனிந்து கடந்த அந்தச் சொல்லின் நிழலிலே, நம் மாணவர்கள் மாலைதோறும் மைதானத்தில் ஆடும் ஆட்டம் பிறந்திருக்கின்றது!

அன்றைய கூட்டம்

ஆட்டம் இலண்டன் நேரப்படி இரவு 7 மணிக்குத் தொடங்கியது. நம் ஊரில் அப்பொழுது நள்ளிரவுக்கு அரைமணி முன். அவ்வாண்டு இங்கிலாந்திலே கோடை வழமைக்கு மாறாகக் கடுமையாக இருந்தது. கதவு யன்னல் யாவும் திறந்திருந்தன. வெள்ளையில் சிவப்புச் சிலுவை பொறித்த கொடிகள் கூரையிலிருந்து தொங்கின. கண்ணாடிக் குவளைகளுக்குப் பதிலாக அன்று உடையாத பிளாஸ்ரிக் குவளைகளே கொடுக்கப்பட்டன. ஏனென்று கேட்டோம். “கோல் அடிச்சால் எல்லாம் மேலை பறக்கும்” என்றான் மருமகன்.

எமக்கு அருகே, திரைக்கு நேர் முன்பாக அன்றி ஒரு தூணின் ஓரமாக, முதியவர் ஒருவர் அமர்ந்திருந்தார். பல்லாண்டுகளாக அதே கதிரையில் அமர்பவராம். மறு மூலையில் மஞ்சட் சட்டை அணிந்த இளம் தம்பதியர் இருந்தனர், கொலம்பியர். அக்கையாரின் வீட்டோடு ஒட்டிய அடுத்த வீட்டுக்காரரும் வந்திருந்தார். நாற்பது வயது மதிக்கத்தக்க அவர், எம்மைக் கண்டதும் மருமகனிடம் விசாரித்து, கைகுலுக்கி, “உங்கள் வீட்டுத் திருமணத்துக்கு எமது வாழ்த்து” என்றார்.

இச்சுற்றுப்போட்டிகளைச் சிறிய பொதுமனைகளும் காட்ட முடிவதற்கு ஒரு சட்டம் காரணமாகும். உள்நாட்டுக் கழகங்களின் ஆட்டங்களைக் காட்டுவதாயின் பொதுமனை உரிமையாளர் தனியார் தொலைக்காட்சிக்குப் பெருந்தொகைச் சந்தா கட்டவேண்டும். உலகக் கிண்ணத்தின் இறுதிச் சுற்றையும் ஐரோப்பியக் கிண்ணத்தின் இறுதிச் சுற்றையுமோ, எல்லோரும் இலவசமாகக் காணத்தக்க நிகழ்ச்சிகளாக 1996ஆம் ஆண்டின் ஒலிபரப்புச் சட்டம் பாதுகாக்கின்றது. ஆகவே பணவசதி குறைந்த சந்திக்கடை முதலாளியும் நாலாண்டுக்கு ஒருமுறை ஊரைக் கூட்ட முடிகின்றது. இது அவர்களுக்குச் சிறிய உதவியன்று. பிரித்தானியாவில் 2000ஆம் ஆண்டில் 60 ஆயிரத்துக்கு மேற்பட்டிருந்த பொதுமனைகள், 2023ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 45 ஆயிரமாகக் குறைந்துவிட்டன.

பூட்டிய கதவும் பொன்னான கிண்ணமும்

முதற்பாதி கோலின்றி முடிந்தது. இடைவேளையில் அந்த முதியவரோடு பேச்சுக் கொடுத்தோம். 1966ஆம் ஆண்டு இங்கிலாந்து கிண்ணம் வென்றபோது இதே இடத்தில் எப்படி இருந்திருக்கும் என்று கேட்டோம். அவர் சிரித்தார்.

“பூட்டியிருந்தது!” என்றார்.

எமக்கு விளங்கவில்லை. அவர் விளக்கினார். அப்பொழுது அவருக்கு வயது பதினான்கு. யூலை 30ஆந் தேதி சனிக்கிழமை பிற்பகல் 3 மணிக்கு ஆட்டம். அதற்கு முன்பே மணியடித்து, இருந்தோரையெல்லாம் வெளியேற்றிக் கதவைச் சாத்திவிட்டார்கள். அவருடைய தந்தையார் வாய் துடைத்தபடி வீட்டுக்கு ஓடிவந்தாராம். தெருவிலே தொலைக்காட்சி இருந்த வீடொன்றில் எல்லோரும் நெருக்கியடித்துக்கொண்டு, வெம்பிளி மைதானத்தில் மேலதிக நேரத்தின் பின் 4க்கு 2 என்று மேற்கு ஜேர்மனியை வென்றதைக் கண்டார்களாம். மாலையிற் கதவு திறந்தபோதுதான் இந்த மண்டபம் நிரம்பியதாம்.

அவர் கூறியது முற்றும் உண்மை. அதற்கொரு வரலாறு உண்டு. 1915ஆம் ஆண்டு, முதலாம் உலக யுத்த காலத்திலே, வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் தொழிலாளர் குடித்துவிட்டு வேலையைக் கெடுக்கின்றனர் என்ற குறை எழுந்தது. ஜேர்மனியர், ஒஸ்திரியர், மது என்னும் மூன்று எதிரிகளோடு போராடுகின்றோம், அவற்றுள் மதுவே பெரும் பகை என்னும் கருத்துப்பட லொயிட் ஜோர்ஜ் அப்பொழுது பேசினார். மதுச்சாலைகள் பிற்பகலிலே மூடப்பட்டன. யுத்தம் முடிந்த பின்னும் 1921ஆம் ஆண்டுச் சட்டம் அந்தப் பிற்பகல் இடைவெளியை நிலைநிறுத்தியது. ஒரு யுத்தத்துக்காகச் சாத்திய கதவு, அரை நூற்றாண்டின் பின் அதே ஜேர்மனியரோடு நடந்த பந்தாட்டத்தின்போதும் சாத்தியே இருந்தது. அந்த ஆட்டத்தைப் பிரித்தானியாவில் 3 கோடி 20 இலட்சத்துக்கு மேற்பட்டோர் தொலைக்காட்சியிற் கண்டனர்.

மதுச்சாலையிற் கூடி உலகக் கிண்ணம் பார்க்கும் வழக்கத்துக்கு ஜேர்மனியையே முன்னோடியாகச் சொல்லவேண்டும். தொலைக்காட்சியில் முதன்முதலாகக் காட்டப்பட்ட உலகக் கிண்ணம் 1954ஆம் ஆண்டு சுவிற்சலாந்தில் நடைபெற்றது. அக்காலத்தில் ஜேர்மனியில் வீடுகளிலே பெட்டி வைத்திருந்தோர் மிகச் சிலர். மக்கள் உணவுவிடுதிகளிலும் மதுமனைகளிலும் கடை யன்னல்களின் முன்னும் கூடினர். யூலை 4ஆந் தேதி பேர்ண் நகரில் மழை கொட்டியது. முதல் எட்டு நிமிடத்துக்குள் இரண்டு கோல் வாங்கிய மேற்கு ஜேர்மனி, அதுவரை வெல்லற்கரியதாயிருந்த ஹங்கேரியை 3க்கு 2 என வென்றது. போரில் அழிந்து நாணித் தலைகுனிந்திருந்த ஒரு நாடு, நெருங்கியிருந்த அந்த அறைகளில் ஒருவரையொருவர் நிமிர்ந்து பார்த்தது என்று அந்நாட்டார் இன்றும் நினைவுகூர்வர்.

இங்கிலாந்தில் 1988ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்திலிருந்து வார நாட்களிலே பகல் முழுவதும் திறந்திருக்க அனுமதி கிடைத்தது. அதன் பின் வந்த முதல் உலகக் கிண்ணம் 1990இல் இத்தாலியில் நடந்தது. அரையிறுதியில் மீண்டும் மேற்கு ஜேர்மனி. தண்ட உதையில் இங்கிலாந்து தோற்றது. 2002இல் ஜப்பானிலும் கொரியாவிலும் நடந்தபோது, பிரேசிலுடனான காலிறுதி இங்கிலாந்தின் நேரப்படி காலை 7.30க்குத் தொடங்கியது. சிறப்பு அனுமதி பெற்று விடியற்காலையிற் கதவு திறந்து, காலை உணவோடு ஆட்டம் காட்டினர். 2014இல் பிரேசிலில் நடந்தபோது, இத்தாலியுடனான ஆட்டம் இங்கிலாந்தின் நேரப்படி இரவு 11 மணிக்கு. ஆகவே அரசாங்கம் திறந்திருக்கும் நேரத்தை நீட்டியது. 2023ஆம் ஆண்டு ஓகஸ்ட் 20ஆந் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலை 11 மணிக்கு, மகளிர் உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் இங்கிலாந்துப் பெண்கள் ஸ்பானியாவை எதிர்கொண்டனர். அன்று முன்னதாகத் திறக்க விரும்பும் பொதுமனைகளுக்கு உதவுமாறு அமைச்சர் உள்ளூராட்சி மன்றங்களைக் கேட்டுக்கொண்டார். கதவைச் சாத்துவதற்குச் சட்டம் செய்த நாடு, பந்துக்காகக் கதவைத் திறக்கச் சட்டம் தேடியது.

தண்ட உதை

இடைவேளையின் பின் அணித்தலைவர் ஹரி கேன் தண்ட உதையொன்றில் கோல் அடித்தார். மருமகன் சொன்னது மெய்யாயிற்று. குவளைகள் மேலே பறந்தன. எமது சட்டை பியரினால் நனைந்தது. நாற்பது ஆண்டுகாலமாகக் காத்துவந்த விரதம் தோளின் வழியாகக் கலைந்ததோ என்று எமக்குள் நகைத்துக்கொண்டோம்.

வெற்றி கைக்கு எட்டியதென்று எல்லோரும் எழுந்து நின்றபோது, மேலதிகமாகக் கொடுத்த நேரத்தில், 93ஆம் நிமிடத்தில், மூலை உதையொன்றை யெரி மினா தலையால் முட்டிக் கோலாக்கினார். மண்டபம் ஊமையாயிற்று. மஞ்சட் சட்டைத் தம்பதியர் மட்டும் துள்ளியெழுந்து கூவினர். பின்னர் சுற்றுமுற்றும் பார்த்து, மெல்ல அமர்ந்துகொண்டனர். எவரும் அவர்களை ஒன்றும் சொல்லவில்லை.

மேலதிக அரைமணியும் முடிவு காணாது கழிந்தது. இனித் தண்ட உதை. உலகக் கிண்ணத்தில் 1990, 1998, 2006 என மூன்று முறை இங்கிலாந்து தண்ட உதையில் தோற்றிருந்தது. பயிற்றுநராக நின்ற கரெத் சவுத்கேற்றே, 1996ஆம் ஆண்டு ஐரோப்பியக் கிண்ண அரையிறுதியில், வெம்பிளியில், ஜேர்மனிக்கு எதிராகத் தமது உதையைத் தவறவிட்டவர். இருபத்திரண்டு ஆண்டுகளாக அவ்வுதையை மக்கள் அவருக்கு நினைவூட்டிக்கொண்டே இருந்தனர்.

தூணோரத்து முதியவர் எழுந்து திரைக்கு முதுகு காட்டி நின்றார். “நான் பார்த்தால் தோற்போம்” என்றார். கல்வியறிவு மிக்க நாட்டிலும் இத்தகைய நம்பிக்கைகள் உள்ளமை எமக்கு ஆறுதல் அளித்தது! இங்கிலாந்தின் மூன்றாவது உதை தடுக்கப்பட்டது. பின்னர் கொலம்பியாவின் உறிபே அடித்த பந்து குறுக்குச் சட்டத்தில் மோதித் திரும்பியது. அடுத்து பக்கா அடித்ததைக் கோல்காப்பாளர் பிக்போர்ட் ஒரு கையால் தட்டிவிட்டார். எரிக் டயர் இறுதி உதையைக் கோலுக்குள் செலுத்தினார். 4க்கு 3.

அக்கணத்தை எழுத்தில் வடிப்பது எளிதன்று. முன்பின் அறியாதோர் கட்டித் தழுவினர். அடுத்த வீட்டுக்காரர் எம்மைத் தூக்கியே விட்டார். அவர் கண்களில் நீர். முதியவர் திரும்பவேயில்லை, அவருடைய தோள்கள் மட்டும் குலுங்கின. சற்றுப் பொறுத்து, இரைச்சல் அடங்கிய வேளையிலே, அவர் மெல்ல நடந்து மறு மூலைக்குச் சென்று அக்கொலம்பியத் தம்பதியரின் கைகளைப் பற்றிக் குலுக்கினார். அவ்வேளையில் மொஸ்கோவிலே சவுத்கேற்றும், சட்டத்தில் அடித்துத் தவறவிட்ட உறிபேயை அணைத்துத் தேற்றினார். தவறவிட்டவனின் துயரம் அவருக்குத் தெரியும் அன்றோ!

வீடு திரும்பும் வழியில் எமது இளமைக்காலம் நினைவுக்கு வந்தது. ஊரில் மின்சாரம் இல்லாத ஆண்டுகளில், துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் மிதியைச் சுற்ற, டைனமோவிலிருந்து வரும் மின்னில் வானொலி கேட்டு வளர்ந்தவர்கள் நாம். கை ஓய்ந்தால் குரல் ஓயும். ஆகவே முறை வைத்துச் சுற்றினோம். தன் முறை வந்தபோது ஒளித்துக்கொள்பவனை நாமும் மன்னித்ததில்லை. மருமகன் சொன்னது சரி. சனத்தோடு பார்த்தால் அது வேறுதான்.

எட்டாம் நாள் இரவு

யூலை 11ஆந் தேதி அரையிறுதி. குரோசியாவோடு ஆட்டம். திருமண வேலைகளின் நடுவே நாம் அன்று வீட்டிலிருந்தே பார்த்தோம். ஐந்தாம் நிமிடத்தில் இங்கிலாந்து முந்தியது, பிற்பாதியில் சமநிலை, மேலதிக நேரத்தில் குரோசியா 2க்கு 1 என வென்றது. தெருவெல்லாம் அமைதி. நாம் படுக்கைக்குச் செல்கையில், அக்கையார் தமது அறை யன்னலை அகலத் திறந்துவைத்துவிட்டு, விளக்கணைக்காமல் கதிரையில் அமர்ந்திருக்கக் கண்டோம். வெயிற் காலமாதலால் காற்றுக்காக இருக்கலாம் என்று எண்ணினோம்.

நள்ளிரவுக்குச் சற்று முன் விழித்தோம். ஒட்டிய சுவருக்கு அப்பாலிருந்து ஓர் ஆணின் குரல். ஏதோ விழுந்து உடையும் ஓசை. பின்னர் ஒரு குழந்தையின் அழுகை. வெளியே வந்தபோது, அக்கையார் ஏற்கெனவே சேலையைச் சரிசெய்துகொண்டு, பயற்றம் உருண்டைகளை ஒரு தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

நடுச்சாமத்திலே பலகாரம் கொடுக்கும் வழக்கம் எந்த நாட்டிலும் இல்லை. கதவைத் தட்டுவதற்கு ஒரு காரணம் வேண்டும், அவ்வளவே. மருமகன் தொலைபேசியைக் கையிற் பிடித்தபடி வாசலில் நின்றான். பொலிசாரை அழைக்க ஒரு விரல் போதும். அக்கையார் அடுத்த வீட்டு மணியை அழுத்தி, தட்டை நீட்டி, எங்கள் வீட்டுத் திருமணப் பலகாரம், சற்று வந்து உதவமுடியுமா என்று அந்தப் பெண்ணைப் பெயர் சொல்லி அழைத்தார். பெண் குழந்தையோடு வந்தாள். ஒரு கையால் மறு மணிக்கட்டைப் பொத்திப் பிடித்திருந்தாள். அக்கையார் ஒன்றும் கேட்காமல் தேநீர் போட்டுக் கொடுத்தார். குழந்தை எமது கட்டிலில் உறங்கியது.

எட்டு நாட்களுக்கு முன் கண்ணீர் மல்க எம்மைத் தூக்கியவர் அந்த மனிதரே.

“ஒவ்வொரு முறையும் இப்பிடித்தான் தம்பி” என்றார் அக்கையார். “வெண்டாலும் இப்பிடித்தான், தோத்தாலும் இப்பிடித்தான். மட்ச் இரவிலை நான் யன்னலைத் திறந்து வைச்சுக்கொண்டு இருக்கிறது அதுக்குத்தான்.”

எண்கள் சொல்வது

இது ஒரு வீட்டின் கதை மட்டும் என்று நாம் எண்ணியிருக்கலாம். ஊர் திரும்பிய பின் இதுபற்றிப் படித்தபோது அவ்வாறு எண்ண இயலவில்லை. இங்கிலாந்தின் லங்காஸ்ரர் பல்கலைக்கழக ஆய்வாளர், 2002, 2006, 2010 ஆகிய மூன்று உலகக் கிண்ணக் காலங்களிலும் லங்காஷயர் பொலிசாருக்குக் கிடைத்த குடும்ப வன்முறை முறைப்பாடுகளை எண்ணிப் பார்த்தனர். இங்கிலாந்து அணி தோற்ற நாட்களில் அவை 38 வீதத்தால் உயர்ந்திருந்தன. வென்ற நாட்களிலும் சமநிலையில் முடிந்த நாட்களிலும்கூட 26 வீதத்தால் உயர்ந்திருந்தன. ஆட்டத்துக்கு மறுநாளும் வழமையிலும் 11 வீதம் மிகுதி.

வென்றாலும், தோற்றாலும். அக்கையார் யன்னலோரத்தில் இருந்து கற்றதை ஆய்வாளர் ஏடுகளை எண்ணிக் கண்டனர்.

பந்தாட்டம் மனிதனைக் கொடியவனாக்குகிறது என்று நாம் சொல்லமாட்டோம். அதே மண்டபத்திலே, அதே பியரைக் குடித்து, தோற்ற நாட்டாரின் கையைப் பற்றிய முதியவரையும் கண்டோம். வன்முறை செய்பவன் அவ்வாட்டத்துக்கு முன்னரும் அவ்வாறிருந்தவனே என்று இத்துறையில் உதவிபுரிவோர் கூறுவர். மதுவும், வெறியூட்டும் எதிர்பார்ப்பும், ‘இன்று எதுவும் செய்யலாம்’ என்ற எண்ணமும் ஒன்றுசேரும்போது, முன்னிருந்தது வெளிப்படுகின்றது. ஆகவேதான் அந்நாட்டிலே இப்பொழுது பெரிய சுற்றுப்போட்டிகள் வரும்போது, பொலிசாரும் மகளிர் உதவி அமைப்புகளும் எச்சரிக்கைத் தட்டிகள் வைக்கின்றனர். உதவி பெறும் வழிகளை வெளியிடுகின்றனர்.

நமக்குரியது

உலகக் கிண்ணம் வரும்போது நம் ஊர்களிலும் இளைஞர்கள் வாசிகசாலை முற்றத்தில் திரை கட்டுகின்றனர். பிரேசில் கொடியும் ஆர்ஜன்ரீனாக் கொடியும் மதிலேறுகின்றன. அதனைத் தடுக்கவேண்டும் என்று எண்ணும் பெற்றோருக்கு நாம் சொல்வது ஒன்றுண்டு: தடுக்காதீர்கள். முன்பின் அறியாதோர் ஒரே மூச்சாக இருக்கும் அந்த இரண்டு மணி நேரம் அருமையானது. பொதுமனையிலே நாம் கண்ட நன்மை அது. அங்கே எமக்குத் தேநீரோடு அது கிடைத்தது. குடியோடுதான் கிடைக்கும் என்பதில்லை. ஆயின் அந்த முற்றத்தில் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் இடம் இருக்கிறதா, கொட்டிலுக்குப் போய் வந்து யாராவது பின்வரிசையில் நிற்கின்றாரா என்பதையும் பெரியவர்கள் பார்த்துக்கொள்ளவேண்டும். ஆட்டம் முடிந்து ஒவ்வொருவரும் எந்த நிலையில் வீடு செல்கின்றனர் என்பதையும் பார்க்கவேண்டும்.

மாணவர்களுக்கு நாம் வகுப்பிலே இதைச் சொல்லும்போது, பிக்போர்ட் தடுத்த பந்தைப் பற்றியே அவர்கள் மீண்டும் மீண்டும் கேட்பர். அதனையும் சொல்வோம். உறிபேயை அணைத்த சவுத்கேற்றையும், மறு மூலைக்கு நடந்த முதியவரையும் சேர்த்தே சொல்வோம்.

மறுநாட் காலை அடுத்த வீட்டுக்காரர் படலையடிக்கு வந்தார். கழுவித் துடைத்த தட்டு அவர் கையில் இருந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தார்; சொல்லவில்லை. அக்கையார் தட்டை வாங்கிக்கொண்டார், சிரிக்கவில்லை. அந்தப் பெண்ணும் குழந்தையும் அன்று பகலே அவளுடைய சகோதரி வீட்டுக்குப் புறப்பட்டுச் சென்றனர்.

மூன்று நாள் கழித்து, யூலை 15ஆந் தேதி, இறுதியாட்டம். பிரான்சு 4க்கு 2 என வென்று கிண்ணத்தைப் பெற்றது. இங்கிலாந்து ஆடாத ஆட்டம் அது. அன்றிரவும் அக்கையார் யன்னலைத் திறந்தே வைத்திருந்தார்.